என் தம்பி தெரானின் முதல் கையெழுத்து

என் தம்பி தெரான் மேப்ரி, நடக்காது என்று பலரும் சொன்ன பிறகு வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

வலது முழங்காலில் தசைநார் அறுந்தபோது, இனி ஓட வேண்டாம் என்று ஒரு டாக்டரும், ஓடலாம் ஆனால் ஃபுட்பால் வேண்டாம் என்று இன்னொரு டாக்டரும் சொன்னார்கள். பத்து மாதம் பதினொரு நாளில் களத்தில் இறங்கினான். வில்கர்சன் கல்லூரி அணியில் அவன் நிற்கும் இடத்துக்கு ஐந்து பேர் இருந்தார்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் ஐந்தாவது பெயர் அவனுடையது. இரண்டாம் ஆண்டு மூன்றாவது ஆட்டத்தில் அது முதல் பெயராயிற்று. 2024-ல் எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து வெளியிட்ட சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இரண்டாவது அணியில் இடம் பெற்றான். முதல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, அது இங்கே தேவையில்லை. 2023 அக்டோபரில் கார்லண்ட் கிரெயில் என்பவர் அவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பினார். ஒரு சென்ட் கூட அவருக்குப் போகவில்லை. 2026 மே 9, சனிக்கிழமை, நில அளவையில் பட்டம் வாங்கினான். அம்மா வழியில் உயிரோடு இருக்கிற முப்பத்தொரு பேரையும் எண்ணிப் பார்த்தேன். கல்லூரிப் பட்டம் வாங்கியவன் இவன் ஒருவன்தான்.

ஆனால் எங்கள் மார்வின்டேலில் அவன் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு இவை எதுவும் ஞாபகம் வருவதில்லை. "சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தானே, அந்தப் பையனா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தொப்பியை அவன் தலையில் வைத்தது யார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரான் 2004 மார்ச் 11, வியாழக்கிழமை பிறந்தான். பத்து பவுண்டு இரண்டு அவுன்ஸ். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று டெக்சாஸ் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 2015 நவம்பரில் அம்மா பக்கவாதம் வந்து இறந்தார். மாவட்ட நீதிமன்றம் என்னை அவனுக்குக் காப்பாளராக நியமித்தது. அன்றிலிருந்து பள்ளிச் சேர்க்கை, பல் டாக்டர், தடுப்பூசி, பேருந்துப் பயணம் என்று அவன் சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் என் கையெழுத்துதான். லோரீன் மேப்ரி, பக்கத்தில் தேதி. தேதி போடாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பதினேழு வருடமாக நிற்கிறேன். அங்கே எந்தப் பெட்டி எந்த நாளில் மூடப்பட்டது என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். அந்தப் பழக்கம்.

பையன் வளர்ந்த வேகம் கொஞ்சநஞ்சமல்ல. பதினான்கு வயதில் வீட்டு எடைக்கருவியின் முள் கடைசி எண்ணைத் தாண்டி நின்றுவிட்டது. அதன் பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை தீவனக் கடைக்குக் கூட்டிப் போய் மூட்டைத் தராசில் நிறுத்தினேன். கடைக்கார ஆல்டன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "மூட்டையா ஆளா, லோரீன்? மூட்டைன்னா வரி போடணும்."

"மூட்டையே போட்டுக்குங்க மிஸ்டர் ஆல்டன். ஆள்னா தினமும் சோறு போடணும், மூட்டைன்னா ஓரமா சாத்தி வெச்சுடலாம்" என்பான் தெரான்.

பள்ளியில் கோச் ரென்ஃப்ரோ அவனை முன்வரிசையின் இடது முனையில் நிறுத்தினார். எங்கள் ஃபுட்பால் பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது; எறிகிறவனையும் ஓடுகிறவனையும் பார்க்கத்தான் ஊர் திரண்டு வருகிறது. எறிகிறவன் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கமாக வந்து அவனைச் சாய்க்க ஒருவன் ஓடி வருவான். அந்த ஒருவனைத் தடுப்பதுதான் தெரானின் வேலை. பந்தில் கை படாது. "பந்தைத் தொடணும்னு ஆசையிருந்தா கூடைப்பந்துக்குப் போயிடு பெரியவனே," என்றார் ரென்ஃப்ரோ முதல் நாளே. "இங்க உன் வேலை, உன் பின்னால நிக்கறவன் சட்டையில மண்ணு படாமப் பாத்துக்கறது. அவன் அம்மா துணி துவைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

தெரானுக்கு அது பிடித்திருந்தது. பதினாறு வயதில் ஒன்பது பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்தது. 2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் முழங்கால் போனது. அக்டோபர் 2-க்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. கடிதங்கள் நின்ற பிறகு எங்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: கட்டணம் கேட்காமல் இவனை எடுத்துக்கொள்ளும் கல்லூரி ஒன்று கிடைக்குமா, அல்லது இவனும் என்னோடு ஆலைக்கு வரவேண்டியதுதானா?

2021 ஜூன் 26, சனிக்கிழமை, வில்கர்சன் கல்லூரியின் கோச் ஹாலிஸ் பெர்க் தன் சொந்தக் காரில் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு வந்தார். சின்னக் கல்லூரி. அதன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டார்கள். தெரான் ஓடிக் காட்டத் தயாராக நின்றான். பெர்க் வேண்டாம் என்று கையசைத்து எங்கள் வாசல் படிக்கட்டைக் காட்டினார்.

"ஏறிக் காட்டறவங்க நெறைய பேர் உண்டு. இறங்கிக் காட்டு தம்பி."

தெரான் ஆறு படி இறங்கினான். மறுபடி இறங்கச் சொன்னார். நான்காவது தடவை இறங்கியதும், "முழங்கால் பொய் சொல்லாது," என்று சொல்லி உள்ளே வந்து வாழைப்பழப் புட்டிங் இரண்டு தட்டு சாப்பிட்டார். கல்விக் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரி செலவு என்றார். தெரான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்து, "வர்றேன் சார்" என்றான். டிசம்பரில் கல்லூரியின் ஒப்பந்தத் தாள் வந்து கையெழுத்தாகும் வரைக்கும் இந்த வார்த்தைதான் கணக்கு. இதை மீறுகிறவர்கள் உண்டு. தெரான் அப்படிப்பட்டவன் இல்லை.

அந்த ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கலாம் என்று விதி மாறியது. பெரிய பல்கலைக்கழகங்களின் பணக்கார ரசிகர்கள் சேர்ந்து குழு அமைத்து, தங்கள் அணிக்கு வரும் பையன்களுக்கு அந்த வழியில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் தெரான் களத்துக்குத் திரும்பினான். ஆறு ஆட்டம். அவன் பக்கத்திலிருந்து வந்து யாரும் பந்தை எறிகிற எங்கள் பையனைச் சாய்க்கவில்லை. அக்டோபரில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் முன்வரிசைக் கோச் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயரை எழுதவில்லை. சிவப்புத் தொப்பிக்காரர்கள் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "உனக்கு இங்க எடம் இருக்கு" என்றார். அதற்குப் பத்து நாள் கழித்து கார்லண்ட் கிரெயில் வந்தார்.

குடும்ப ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருந்தது. வெள்ளை ஷூ. மண் சாலையில் நடந்து வந்தும் அதில் ஒரு புள்ளி அழுக்கு இல்லை, எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2021 நவம்பர் 6, சனிக்கிழமை, ஆற்றோரக் கெளுத்தி மீன் கடையில் எங்கள் இருவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

"உங்க தம்பி முகத்துக்கு வெல இருக்கு மிஸ் லோரீன்."

"அவன் முகம் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு. நானே ஆட்டத்துல பாத்ததில்ல."

"பாக்க வைக்கறதுதானே என் வேலை." சிவப்புத் தொப்பிக்காரர்களின் ரசிகர் குழு வருடத்துக்கு அறுபதாயிரம் டாலர் தரும் என்றார். என் இரண்டு வருடச் சம்பளம் அது. தெரானுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை விளம்பரத்தில் வரும் எதிலும் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. மூன்று பக்கத் தாள். நான் மூன்று பக்கத்தையும் படித்தேன், அதில் குறை சொல்ல முடியாது.

தெரான் மீனை வைத்துவிட்டு, "நான் எங்கயாவது எழுதணுமா?" என்று கேட்டான்.

"வேணாம் சாம்பியன், நீ சின்னப் பையன். அக்கா போட்டா போதும்."

நான் கையெழுத்துப் போட்டேன். பேனா தானாகத் தேதிக் கோட்டுக்கு நகர்ந்தது. கிரெயில் என் மணிக்கட்டுக்கு மேலே கையை நீட்டினார்.

"தேதிய மட்டும் விட்டுடுங்க. இப்பவே போட்டா, ஸ்கூல்ல ஆடும்போதே ஒப்பந்தம் போட்டான்னு பையனை ஆட விடாம உக்கார வெச்சுடுவாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நான் போட்டுக்கறேன்."

அந்தக் கோட்டை வெறுமையாக விட்டேன். என் வாழ்நாளில் தேதி இல்லாமல் நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

அந்த வெற்றுக்கோட்டில் கிரெயில் பின்னால் என்ன எழுதினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023-ல் டயர் கடை ஒன்று தெரானின் படத்தைப் பலகையில் போட்டு மாதம் நானூறு டாலர் கொடுத்தது. கிரெயிலின் வக்கீல் கடிதம் வந்தது, பழைய தாளின் நகலோடு. தேதிக் கோட்டில் 2022 ஜூன் 1 என்றிருந்தது. பள்ளியெல்லாம் முடிந்த பிறகு, யாரும் கேள்வி கேட்காத தேதியாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஆனால் தெரானுக்குப் பதினெட்டு முடிந்தது மார்ச் 11. ஜூன் 1 அன்று அவனுக்காகக் கையெழுத்துப் போட எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாவட்ட இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல் அம்மாள் அதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அவருடைய தந்திரமே அவரைக் கவிழ்த்தது. நான் செய்த பிழை அப்படியேதான் இருக்கிறது.

அந்த நவம்பரில் இன்னொரு வேலையும் நடந்தது. இந்தக் காலத்துப் பள்ளிகளில் எழுத்துகளைச் சேர்த்து எழுதச் சொல்லிக் கொடுப்பதில்லை. தெரான் தன் பெயரைத் தனித்தனி எழுத்தாக, பெட்டி மேல் அச்சடித்ததுபோலத்தான் எழுதுவான். ஓட்டுநர் உரிமமும் எடுத்திருக்கவில்லை, இருந்த ஒரு கார் என்னோடு ஆலைக்குப் போய்விடும். ஆக அவனுக்கென்று ஒரு கையெழுத்தே இல்லை. டிசம்பரில் ஊர் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டியவன். மளிகைப் பையைக் கிழித்து, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துப் பழக்கினேன்.

"இது என் பேர் மாதிரியே இல்லக்கா. மழையில நனைஞ்சு கரைஞ்ச மாதிரி இருக்கு."

"மேப்ரியோட எம்-மைப் பெருசாப் போடு. மூணு மேடு."

"ரெண்டு மேடுதான்க்கா எம்."

"அம்மா மூணு போடுவாங்க."

அதன் பிறகு அவனும் மூன்று போட்டான். நாற்பது பை கிழித்திருப்போம்.

டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து நான் கீரை அலசிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கையெழுத்து நாள். தெரான் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நான் பெர்க் கோச்சுக்கு வார்த்தை குடுத்திருக்கேன்."

"அன்னைக்கு உன்னை வேற யாருடா கேட்டாங்க? யாரு கூப்பிட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்ப."

"அவர் ஒருத்தர்தானக்கா கூப்பிட்டாரு."

"சிவப்புத் தொப்பிக்காரங்க இப்பக் கூப்பிடறாங்கல்ல? அறுபதாயிரம்டா!"

"அது கிரெயில் சொன்னது. அந்தக் கோச் எடம் இருக்குன்னு மட்டும்தான் சொன்னாரு. எடம் எப்பவும்தான் இருக்கும்."

நான் ஈரக் கையை அவன் முன்னால் நீட்டினேன். காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் மடங்க இருபது நிமிடம் ஆகும். "இந்தக் கை இன்னும் எத்தனை வருஷம் கத்தி புடிக்கும்னு நெனைக்கற?"

அவன் கையைப் பார்க்கவில்லை. "அதை மட்டும் சொல்லாதக்கா."

"ஏன்?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

பதில் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் மாலை நான்கு இருபதுக்கு அவனே பெர்க்கைக் கூப்பிட்டான். பள்ளிக் கோச்சிடம் சொல்லி அனுப்பலாம், செய்தி தட்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவன் கூப்பிட்டுத் தன் வாயால் சொன்னான். மறுமுனையில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'நீயே கூப்பிட்டுச் சொன்னதுக்கு நன்றி தம்பி'ன்னாரு." அன்று அவன் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாத நாளை என்னால் விரல்விட்டு எண்ண முடியும்.

டிசம்பர் 15, புதன்கிழமை. பள்ளி உள்விளையாட்டு அரங்கில் மேசை, மேலே வெள்ளைத் துணி, அதன்மேல் இரண்டு தொப்பி. வில்கர்சனின் பச்சை, மற்றொன்று சிவப்பு. போகப்போகும் கல்லூரியின் தொப்பியைப் பையன் எடுத்துப் போட்டுக்கொள்வான்; எதை எடுப்பான் என்று கடைசி நிமிடம் வரை தெரியக் கூடாது என்பது வழக்கம், அதனால் பச்சையும் இருக்க வேண்டும். சிவப்பு நிறக் கேக்குக்கு நான் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். மாணவர்கள் முழுப் பள்ளியும் பலகைப் படிகளில். ஒன்பது ஐந்துக்குத் தெரான் கையை நீட்டினான். கை பச்சைத் தொப்பியின் மேல் ஒரு கணம் நின்றது. கூட்டம் அதை விளையாட்டென்று நினைத்து ஓவென்று கத்தியது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிவப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

இனி பல்கலைக்கழகத்தின் தாள் பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வர வேண்டும். அலுவலக மிஸ் பெர்னீஸ் அதை அச்செடுத்துக் கொண்டுவருவார், தெரான் மூன்று மேட்டோடு கையெழுத்துப் போடுவான். ஒன்பது இருபதுக்குப் பெர்னீஸ் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒன்பது நாற்பதுக்கு ரென்ஃப்ரோ அலைபேசியோடு வெளியே போனார். பத்துக்கு வகுப்பு மணி அடித்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டுக் கேக்கோடு கலைந்தார்கள். யாரோ எடுத்த படம் பத்தரைக்குள் ஊர் முழுவதும் போய்விட்டது: காலி அரங்கு, வெள்ளைத் துணி மேசை, சிவப்புத் தொப்பியோடு ஒரு மலை.

பதினொன்று பத்துக்கு அந்த முன்வரிசைக் கோச் ரென்ஃப்ரோவைத் திரும்பக் கூப்பிட்டார். வேறு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடித் தேர்ந்த ஆள் ஒருவன் முந்தின நாள் மாலை அவர்கள் பக்கம் மாறி வந்துவிட்டான். இடம் அவனுக்கு. தெரான் வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து சேரலாம், அடுத்த வருடம் பார்க்கலாம்.

"இருபத்தி மூணு வயசு ஆளு, தாடி வெச்சவன்," என்றார் ரென்ஃப்ரோ. "டேய், இது உன் தப்பில்லடா."

தெரான் தொப்பியைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்தான். பிறகு மேசையைப் பார்த்து, "மிச்சக் கேக்கை யாருக்கா திங்கறது?" என்றான். ரென்ஃப்ரோ சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

கிரெயிலை அன்று ஆறு முறை கூப்பிட்டேன். முதல் முறை, "நான் பேசறேன் மிஸ் லோரீன், கவலைப்படாதீங்க" என்றார். மீதி ஐந்து முறையும் எடுக்கவில்லை.

அதற்குள் மற்ற கல்லூரிகள் தங்கள் ஆட்களை எடுத்துவிட்டன. ஜனவரி போனது, பிப்ரவரி போனது. தெரான் என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திரம் கழுவினான், பள்ளி போனான், வந்தான். மார்ச் 1, செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் எங்கள் ஆலையின் வேலை விண்ணப்பம் இருந்தது. தனித்தனி எழுத்தில் சுத்தமாக நிரப்பியிருந்தான். கையெழுத்தும் தேதியும் மட்டும் பாக்கி.

"பதினொண்ணாம் தேதிக்கு மேல எடுத்துப்பாங்களாம்," என்றான். "உயிர்க்கோழி மாட்டற எடத்துல."

அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். இருட்டில் நின்று, நிமிடத்துக்கு இருபத்தைந்து கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். பெரிய ஆட்களைத்தான் அங்கே கேட்பார்கள்.

மார்ச் 4, வெள்ளிக்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு வில்கர்சனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெர்க்கின் அறையில் உட்கார இடமில்லை, நாற்காலி முழுவதும் துவைத்த துண்டுகள். நின்றபடியே சொன்னேன். "சிவப்புத் தொப்பிய எடுத்தது அவன் கை. எடுக்க வெச்சது நான். அவன் உங்க வார்த்தையிலதான் இருந்தான்."

பெர்க் துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டார். "தெரியும்மா," என்றார். "அவன் குரல்லயே தெரிஞ்சுது. ஆனா அவனுக்கு வெச்சிருந்த உதவித்தொகை இப்ப வேற பையன்கிட்ட இருக்கு. அவன்கிட்டேருந்து புடுங்க மாட்டேன். பாதிதான் இருக்கு என்கிட்ட. மைதானத்துல புல்லு வெட்டவும் கயிறு கட்டிக் கோடு போடவும் ஆள் வேணும். அதைச் செஞ்சா மீதிக் கட்டணம் கழியும்."

"அவன் செய்வான்."

"அதை அவன் சொல்லட்டும். போன தடவையும் அவனேதான கூப்பிட்டான்? இப்பவும் அவனே கூப்பிடட்டும்."

வீட்டுக்கு வந்து தெரானிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"யாரு உன்னைப் போகச் சொன்னது? மீன் கடையில என்னைக் கேக்கல. கேக்குக்குச் சொல்றப்ப என்னைக் கேக்கல. இப்பவும் என்னைக் கேக்காமப் போயி என் சார்பா அழுதுட்டு வந்திருக்க!"

"நான் அழலடா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரைக் கூப்பிடுவேன் நான்?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதையும் சொல்லவில்லை. அதுவரைக்கும் அவனுக்காக நான் செய்ததில் அதைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை. மார்ச் 11 வந்தது, பதினெட்டு முடிந்தது. அவன் கூப்பிடவில்லை. விண்ணப்பம் மேசைமேலேயே இருந்தது. தினமும் அதைச் சுற்றித் தட்டு வைத்தேன்.

மார்ச் 21, திங்கட்கிழமை, வேலையிலிருந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. அவனும் இல்லை. உட்காரக்கூட இல்லை, ஆலையின் ஆள் சேர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் டெல்ஃபீன் கூப்பிட்டாள்.

"உன் தம்பி இப்ப இங்க வந்தான் லோரீன். தாளைக் குடுத்தான். கையெழுத்துப் போடுன்னு பேனாவைக் குடுத்தேன். வாங்கினான், தாளையே பாத்துக்கிட்டு நின்னான். அவனுக்குப் பின்னாடி நாலு பேர் வரிசையில நிக்கறாங்க. 'எழுதத் தெரியாதா தம்பி'ன்னேன், விளையாட்டுக்குத்தான். பேனாவை வெச்சுட்டு வெளிய போய்ட்டான்."

"எங்க போனான்?"

"கார் நிறுத்தற எடத்துல நிக்கறான். யார்கிட்டயோ ஃபோன்ல பேசறான். ரொம்ப நேரமா 'ஆமா சார், ஆமா சார்'னுட்டே இருக்கான். கதவு தெறந்திருக்கு, இங்க வரைக்கும் கேக்குது."

நான் ஓடிப் போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன்.

வில்கர்சனிலிருந்து தாள் புதன்கிழமை வந்தது. பாதிக் கட்டணம், மைதான வேலை, இரண்டும் அதில் எழுதியிருந்தன. மீதிக்கு நான் சனிக்கிழமை ஷிஃப்டும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது, நான்கு வருடமும் எடுத்தேன். என் விரல்கள் இப்போது மடங்க முக்கால் மணி ஆகிறது. அதைத் தெரான் கேட்காதபோது சொல்வதில்லை, கேட்டால் பொய் சொல்வதில்லை.

அந்தப் புதன்கிழமை அரங்கு இல்லை, தொப்பி இல்லை, கேக் இல்லை. பள்ளி அலுவலகத்தின் முகப்பு மேசை, பக்கத்தில் தாமதமாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுகள். நான் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, ஆலையில் போடும் தலைமுடி வலையோடும் ரப்பர் காலணியோடும் வந்திருந்தேன். பெர்னீஸ் தாளை மேசைமேல் வைத்ததும் பழக்கத்தில் என் கை பேனாவுக்குப் போனது.

"உன் கோடு இதுல இல்ல லோரீன்," என்றார் பெர்னீஸ். "பையனுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு."

தெரான் இரண்டு பக்கத்தையும் நின்றபடி படித்தான். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்று பெர்னீஸைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை. அவர் சொன்னார். தலையாட்டிவிட்டுக் குனிந்து, மெதுவாக, சேர்த்து எழுதினான். எம்-முக்கு மூன்று மேடு இருந்தது. பிறகு அவன் பேனா பக்கத்துக் கோட்டில் வந்து நின்றது.

"இன்னைக்கு என்ன தேதிக்கா?"

சொன்னேன். அவனே எழுதினான்: 2022 மார்ச் 23.